கூப்பன் காலத்துக் கைத்தையல்

1941ஆம் ஆண்டில் தூய ஆவியார் பெருவிழா ஜூன் முதல் நாள் வந்தது. நமக்குக் கிறிஸ்து பிறப்பு விழா எப்படியோ, அப்படியே அந்நாள்களில் வட இங்கிலாந்து மக்களுக்கு அவ்விழா. பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுப்பதே அதற்காகத்தான். அந்த ஞாயிறு காலையில் பிரிட்டனின் வாணிபத் துறை அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் பேசினார். உணவுக்கு ஏற்கெனவே இருந்த பங்கீட்டு முறை இனித் துணிக்கும் உண்டு என்று அறிவித்தார். மறுநாளும் விடுமுறை, கடைகள் திறவா. முன்னதாகத் தெரிந்திருந்தால் பணமுள்ளோர் கடைகளைத் துடைத்து எடுத்திருப்பார்கள் அல்லவா? அதனால்தான் இரகசியம் காக்கப்பட்டது. அச்சிட்ட துணிக்கூப்பன்கூட அப்போது மக்கள் கையில் இல்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மார்கரினுக்கென இருந்த உபரிக் கூப்பன்களையே முதலில் பயன்படுத்துமாறு சொல்லப்பட்டது.

வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள். பெண்ணின் கம்பளிக் கவுன் ஒன்றுக்கு 11, காலுறை ஓர் இணைக்கு 2, பெண்கள் காலணிக்கு 5, ஆண்கள் காலணிக்கு 7 எனக் கணக்கு. கூப்பனோடு விலையையும் கொடுக்கவேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. போர் நீள நீள எண்ணிக்கை சுருங்கியது. போர் முடிந்த பிறகும், 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையான எட்டு மாதங்களுக்குக் கிடைத்தவை 24 மட்டுமே. மாதத்திற்கு மூன்று!

இந்த வரலாற்றை நாம் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆடை நாகரிகத்தை நம் மறையுரைகளில் கண்டிக்காத ஆண்டில்லை. புதுப்பாணி என்றதும் வீண் பெருமை, ஊதாரித்தனம், மாயை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். காட்டுமலர்ச் செடிகளைப் பற்றி ஆண்டவர் சொன்னதையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஒரு நாடு முழுவதும் துணியின்றித் தவித்த எட்டு ஆண்டுகளில் ஏழைப் பெண்கள் தங்கள் ஊசிநூலைக் கொண்டு செய்தவற்றைப் படித்தபின், அவ்வளவு எளிதாக நம்மால் பேச இயலவில்லை.

போர்க்காலத்தில் அழகும் பாணியும் மறைந்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. 1942இல் அரசு கடுமையான விதிகளை வகுத்தது. ஆண்களின் கால்சட்டை ஓரத்தை வெளிப்புறம் மடித்துத் தைத்தல் கூடாது. பைகளுக்கும் பொத்தான்களுக்கும் மடிப்புகளுக்கும் வரம்பு. பூவேலைக்கும் சரிகைப் பின்னலுக்கும் தடை. ஆனால், இவ்விதிகள் விற்பனைக்குத் தைப்போரையே கட்டின. வீட்டில் தனக்கென ஊசி பிடித்தவளை அவை கட்டவில்லை. கடையில் வாங்கிய மொட்டை ஆடையில் இரவு விளக்கின்கீழ் ஒரு சிறு பூவைத் தைத்துக்கொள்ள எந்த அரசாணையும் குறுக்கே நிற்கவில்லை. ஆண்களும் சும்மா இருந்தார்களில்லை. அளவுக்கு மிஞ்சிய நீளத்தில் கால்சட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து, ஓரத்தைத் தாங்களே மடித்துத் தைக்கச் செய்தனர். (ஆண்களுக்கு இந்த ஆசைகள் கிடையா என்று பேசுவோர் கவனிக்க.)

1943இல் 'இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை' என்னும் பொருள்படும் தலைப்பில் அரசே ஒரு கையேடு வெளியிட்டது. ஊர்தோறும் தையல் வகுப்புகள் நடந்தன. போர்முனைக்குப் போன கணவனின் கோட்டைப் பிரித்து மனைவிக்கு ஏற்ற கோட்டும் பாவாடையும் தைப்பது, நைந்த சட்டைக் கழுத்துப்பட்டையைப் பிரித்துத் திருப்பி வைப்பது, இரண்டு பழைய கவுன்களை இணைத்து ஒன்றாக்குவது, சிறுத்துப்போன பின்னலாடையைப் பிரித்து நூலாக்கி மீண்டும் பின்னுவது எனப் பலவும் கற்பிக்கப்பட்டன. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிச் சன்னல்களை மறைக்க விற்கப்பட்ட கறுப்புத் துணிக்குக் கூப்பன் தேவைப்படவில்லை, அதுவும் பாவாடையானது. பாராசூட் பட்டு கிடைத்த வீட்டில் மணப்பெண்ணின் ஆடைக்குக் கவலை தீர்ந்தது. பாராசூட்டின் துணி நீண்ட ஆப்பு வடிவத் துண்டுகளாக வெட்டி இணைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்து, துண்டின் போக்குக்கு ஏற்ப ஆடையின் வெட்டைச் சிந்தித்து அமைப்பது எளிய வேலையன்று.

ஆடையில் தையலைவிட வெட்டே அரிது என்பதைத் தையற்காரர் எவரும் சொல்வர். நேர்த்தியான வெட்டு நெடுங்காலம் பெரிய தையற்காரரின் தொழில் இரகசியமாகவும், அவருக்குக் கூலி கொடுக்க வல்லவரின் உரிமையாகவும் இருந்தது. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் 1863இல் பல அளவுகளுக்கேற்பக் காகிதத்தில் வெட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கியபோதுதான் அந்த இரகசியம் ஏழையின் வீட்டுக்குள் வந்தது. மெல்லிய தாளைத் துணிமேல் பரப்பி, குண்டூசி குத்தி, கோடு மாறாமல் வெட்டினால் போதும். பெருநகரத்துச் சீமாட்டி அணியும் பாணி சிற்றூரில் கூலி வேலை செய்பவளின் தோளிலும் பொருந்தும். போர்க்காலத்துப் பெண்களுக்கு இக்கலை கைவசம் இருந்தது. அது இல்லாதிருந்தால் அரசின் கையேடு வெறும் காகிதமாகவே போயிருக்கும்.

அரசுக்கும் ஓர் அறிவு பிறந்தது என்றே சொல்லவேண்டும். குறைந்த துணியில், கட்டுப்படுத்திய விலையில், 'யுட்டிலிட்டி' என்னும் முத்திரையோடு விற்கவிருந்த ஆடைகளை ஏனோதானோவென்று வடிவமைக்க விடவில்லை. நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமீஸ் முதலான புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களை 1942இல் அழைத்து அப்பொறுப்பை ஒப்படைத்தது. அரச குடும்பத்துக்கு ஆடை வடித்த கைகள் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் வடித்தன. குண்டு விழும் நகரில் காலையில் எழுந்து நேர்த்தியாக உடுத்தி வேலைக்குப் போகும் பெண்ணின் மன உறுதி போருக்கே தேவை என்று அமைச்சகத்தார் கண்டுகொண்டனர். அதை நாம் வீண் பெருமை என்று எப்படிச் சொல்வது? மானத்தோடு நிற்க விரும்பும் மனித இயல்பு அது. முதற் பெற்றோர் அத்தியிலைகளைத் தைத்துக்கொண்டபின், அவர்களுக்கு ஆடை செய்து உடுத்தியவர் கடவுளே என்று தொடக்கநூல் காட்டுகிறது.

எனினும் முழுவதையும் புகழ நம்மால் ஆகாது. எல்லாருக்கும் ஒரே அளவு என்ற நீதி பாதி நீதியே. அலமாரி நிறையப் பழைய ஆடைகள் வைத்திருந்த சீமாட்டிக்குத் திருத்தித் தைக்க நூறு இருந்தன. மாற்றுடை ஒன்றோடு வாழ்ந்தவளுக்கு எதைப் பிரித்து எதைத் தைப்பது? பதினொரு கூப்பனுக்கு ஒருத்தி பத்தாண்டு உழைக்கும் கம்பளி வாங்கினாள். காசில்லாதவள் அதே பதினொன்றுக்கு ஓராண்டில் இற்றுப்போவதை வாங்கினாள். சிக்கனமாக இருங்கள் என்ற அறிவுரை ஒரே சொற்களில் வந்தாலும் இரு வீடுகளிலும் ஒரே பொருளில் கேட்கவில்லை. நாமும் ஆலயத்தில் எளிமையைப் போதிக்கிறோம். முன்வரிசையில் இருப்பவரும் கடைசித் தூணருகே நிற்பவரும் அதை எப்படிக் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

யுட்டிலிட்டி ஆடைகளுக்கு விலைக் கட்டுப்பாடும் வரிவிலக்கும் வந்தபின் அக்குறை ஓரளவு தணிந்தது. அதனினும் நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. பெண்கள் தன்னார்வப் பணி அமைப்பு பல ஊர்களில் குழந்தைகளுக்கான ஆடை மாற்று நிலையங்களை நடத்தியது. தன் பிள்ளைக்குச் சிறுத்துப்போன உடையைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, தாய் அங்கே கொண்டுபோவாள். அதற்கு மதிப்பெண் போடுவார்கள். அந்த மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பெரிய உடையை எடுத்து வருவாள். வாங்கும் கை கீழே தாழவில்லை, கொடுக்கும் கை மேலே உயரவில்லை. யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அவர் தைத்துத் தந்த உடைகளைப் பேதுருவிடம் காட்டி அழுத கைம்பெண்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். நம் பங்குகளில் பழந்துணி திரட்டும்போது கிழிந்ததைக் கிழிந்தபடியே மூட்டையாய்க் கட்டி அனுப்புவோரும் உளர்.

1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்தியான் தியோர் தம் புதிய பாணியை வெளியிட்டார். இடை சிறுத்து, பாவாடை கணுக்காலை நோக்கிப் பல கெஜம் விரிந்தது. அப்போது வாணிபத் துறை அமைச்சராயிருந்த ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ் அதை ஊதாரித்தனம் என்று கருதி எதிர்த்தார். பெண்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆறாண்டுகள் ஒட்டும் ஓரமுமாய் உடுத்தியவர்கள் அவர்கள். துணி வாங்க வழியற்றவர்கள் பழைய பாவாடையின் விளிம்பில் வேறு துணியில் பட்டையொன்றை இணைத்து நீளம் கூட்டிக்கொண்டனர்.

அதே ஆண்டு நவம்பர் 20 அன்று இளவரசி எலிசபெத்தின் திருமணம். மணப்பெண்ணின் ஆடையை ஹார்ட்னெல்தான் வடிவமைத்தார். அவருக்கும் கூப்பன் கணக்கு உண்டு. அரசு சிறிது கூடுதலாக அளித்திருந்தது. போதாமல் போய்விடுமோ என்று நாடெங்குமிருந்து பெண்கள் தங்கள் கூப்பன்களை அஞ்சலில் அனுப்பினார்கள். தம் கூப்பனைப் பிறருக்குத் தருவது சட்டப்படி குற்றமாதலால் அவை அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. துணிப் பங்கீடு 1949 மார்ச் 15 அன்று முடிவுக்கு வந்தது.