எதற்காக நட்டார்கள்?

திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில், பெருங்கற்கால ஈமச்சின்னமான கல்வட்டத்தோடு சேர்ந்து ஒரு பலகைக்கல் நிற்கிறது. ஆளைவிட உயரம். இரு பக்கமும் விரிந்த தோள்கள், நடுவில் தலைபோல ஒரு சிறு வளைவு. முகமும் கை கால்களும் இல்லை. விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்திலும் இப்படி ஒன்று உண்டு. விசிறிக்கல் என்பார்கள். தாய்த்தெய்வம் என்று சிலரும், முன்னோர் உருவம் என்று சிலரும் கருதுகிறார்கள். செதுக்கியவர்கள் எழுதி வைக்கவில்லை.

பிரான்சிலும் இதே கதைதான். அங்கே ரோதேஸ் நகர அருங்காட்சியகத்தில் சுமார் 5000 ஆண்டுப் பழமையான மனித உருவக் கற்கள் உள்ளன. ஆண் உருவங்களின் மார்பில், தோள்வாரில் தொங்குவதுபோல ஏதோ ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். கத்தியா, தாயத்தா? அறிஞர்கள் அதை 'லோப்ஜே' என்றே குறிக்கிறார்கள். 'அந்தப் பொருள்' என்று அர்த்தம், அவ்வளவுதான். பிரெஞ்சில் படித்த எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது.

கல்லின் பயன் மறந்துபோக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டியதில்லை. நம் நாஞ்சில் நாட்டுச் சுமைதாங்கியைப் பாருங்கள். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடந்தவர்கள் பிறர் கைபிடிக்காமலே இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக நட்டவையும் உண்டு. லாரி வந்தது, தலைச்சுமை போயிற்று. இன்றைய பிள்ளைகளுக்கு அது கதவில்லாத வாசல்.

மோட்டூர்க் கல்லைப் பற்றிக் கேட்க இனி ஆளில்லை. சுமைதாங்கியைப் பற்றிச் சொல்ல நாம் இருக்கிறோம். உங்கள் ஊரில் உள்ளது யார் நினைவாக நட்டது என்று தெரிந்தால், இன்றே எழுதி வையுங்கள்.