அரளியைத் தின்னும் ஸ்பிங்க்ஸ்

திருநீர்மலை, பல்லாவரம் பக்கம் வாசலில் நந்தியாவட்டையோ அரளியோ வைத்திருப்பவர்கள் இந்தப் புழுவைப் பார்த்திருப்பீங்க. விரல் தடிமன், பச்சை நிறம், வால் பக்கம் குட்டிக் கொம்பு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள். கண்கள் நிஜமில்லை, பறவையை மிரட்டும் பொட்டுகள்.

1758-லேயே லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் முன்னுடலைத் தூக்கி அசையாமல் இருப்பது எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலை மாதிரி இருந்ததால் 'ஸ்பிங்க்ஸ்'. அரளியின் தாவரவியல் பெயர் நீரியம் என்பதால் 'நீரி'. இன்றைய பெயர் டாப்னிஸ் நீரி. வட ஐரோப்பாவுக்கு இது எப்போதாவது வலசை வரும் விருந்தாளி. நமக்கோ உள்ளூர்க்காரர்.

நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகள் பற்றிய முதல் தொகுதியை எழுதினார். ஆனால் ஊசி குத்தி வைத்த பூச்சி தன் வாழ்க்கையைச் சொல்லாதே! அதைச் சொல்ல வைத்தவர் கார்வாரில் வனத்துறை அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல். புழுக்களைப் பிடித்துவந்து, இலை போட்டு வளர்த்து, எது எந்தச் செடியைத் தின்கிறது என்று குறித்தார். மேஜர் ஸ்காட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய தொகுதி 1937-ல் வெளிவந்தது.

முட்டையிலிருந்து வரும் புழு, பலமுறை தோலுரித்து வளரும். கடைசியில் பச்சை பழுப்பாக மாறும். செடியை விட்டு இறங்கி, தரையில் கிடக்கும் சருகுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். வெளியே வரும் பூச்சியின் இறக்கை விரிப்பு 9 முதல் 11 செ.மீ. வரை. அந்தி நேரத்தில் தேன்சிட்டு போல அந்தரத்தில் நின்று பூவில் தேன் குடிக்கும்.

சரி, அரளி மனுஷனையே கொல்லும் விஷமாச்சே, புழு எப்படிப் பிழைக்குது? ஜெர்மனியில் பெட்ஷென்காவும் டாப்ளரும் 2009-ல் ஆராய்ந்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. அரளி விஷம் தாக்கும் நொதி இந்தப் புழுவிலும் மற்ற உயிர்களைப் போலவே பாதிக்கப்படக்கூடியதுதான். 2013-ல் விடை தெரிந்தது: நரம்பைச் சுற்றியுள்ள உறை விஷத்தை உள்ளே விடுவதில்லை.

விஷத்தைத் தடுக்கும் உறை இருக்கிறது; விளக்குமாற்றைத் தடுக்க எதுவும் இல்லை. புழுவுக்கு மருந்து அடிக்காதவர்கள்கூட, செடிக்கடியில் சருகைக் கூட்டி எரித்துவிடுகிறோம், இல்லையென்றால் தரைக்கு சிமெண்ட் போட்டுவிடுகிறோம். தின்ற இலை மறுபடி துளிர்த்துவிடும். புழு இறங்கிவரும்போது சருகு இல்லாவிட்டால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. செடியைச் சுற்றி ஒரு முழம் சருகை விட்டுவையுங்க, போதும்.