தாய்வழி வீடும் தந்தையின் உரிமையும்: மட்டக்களப்புப் பிரதேசத்தில் மணமுறிவுக்குப் பிந்திய பிள்ளை வளர்ப்பு

மணமுறிவின் பின்னர் பிள்ளையொன்று தக்க காரணமின்றிப் பெற்றோரில் ஒருவரை வெறுத்து ஒதுக்குவதும், அவ்வெறுப்பை மற்றவர் ஊட்டி வளர்ப்பதும் ‘பெற்றோர் அந்நியமாக்கல்’ எனப்படுகின்றன. அமெரிக்க உளமருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985 இல் இதனை ஒரு நோய்க்குறித் தொகுதியாக முன்வைத்தார். தேற்றாத்தீவு போன்ற எழுவான்கரைக் கிராமங்களில் இக்கருத்தைப் பொருத்திப் பார்க்குமுன், பிள்ளை யாருடன் வளரவேண்டும் என்ற கேள்விக்கு ஊர் வழமையும் நாட்டுச் சட்டமும் அளித்துவந்த முரணான விடைகளை அறிந்துகொள்வது அவசியமாகும்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இப்பகுதியில் குடி தாய்வழியே தொடர்கிறது. முதுசச் சொத்தைத் தாய்வழியினருக்கே உரித்தாக்கிய முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் நூலாக்கினார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் வலுவைப் போக்கியது. சட்டம் மறைந்தபோதும் வழமை மறையவில்லை என்பதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008 இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகிறது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன; மருமகன் அவ்வீட்டிற்குக் குடிவருகிறான்; பெண்ணின் பெற்றோர் அருகிலேயே வேறு வீட்டிற்கு மாறுகின்றனர். இதனால் அம்மம்மாவும் சின்னம்மாமாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் சூழலிலேயே பிள்ளை வளர்கிறது. மணவாழ்வு முறிந்தால் வெளியேறுபவன் பெரும்பாலும் தந்தையே.

நாட்டுச் சட்டமோ எதிர்த்திசையில் நின்றது. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கே உரியதாகையால், மட்டக்களப்புத் தமிழரின் மணநீக்கம் 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்திற்கும், பிள்ளையின் கட்டுக்காவல், அதாவது பிள்ளையைத் தம்முடன் வைத்து வளர்க்கும் உரிமை, உரோமன் டச்சுச் சட்டத்திற்கும் உட்பட்டன. இச்சட்டம் தந்தைக்கே முன்னுரிமை வழங்கியது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்திற்கோ ஒழுக்கத்திற்கோ ஆபத்து நேரும் என்பது போன்ற சிறப்புக் காரணங்களாலன்றி அவ்வுரிமையில் தலையிட முடியாது என 1956 இல் இவால்டி எதிர் இவால்டி வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்காலத் தீர்ப்புகள் படிப்படியாகப் பிள்ளையின் நலனை முதன்மைப்படுத்தின. இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, தன் நலனுக்குப் பாதகமாகாதவிடத்து இரு பெற்றோருடனும் தொடர்ந்து தொடர்பு கொள்ளும் உரிமை பிள்ளைக்கே உரியது என வரையறுத்து, விவாதத்தின் மையத்தைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாற்றியது.

அந்நியமாக்கல் கருத்து இக்கட்டத்திலேயே தெற்காசிய நீதிமன்றங்களை எட்டியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 இல் ஒரு கட்டுக்காவல் தீர்ப்பில் அதனைக் கையாண்டது. ஆயினும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டுக் கையேடு அதனைத் தனியொரு நோயாக ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 இல் தன் நோய் வகைப்பாட்டுச் சுட்டியிலிருந்து அச்சொல்லை நீக்கியது. வன்முறையை முறையிடும் தாய்மாருக்கு எதிராகவே இக்குற்றச்சாட்டு திருப்பப்படுகிறது என ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023 இல் எச்சரித்தார்.

இவ்வெச்சரிக்கை எழுவான்கரைக்கு இருமடங்கு பொருந்தும். பார்வையிட வரும் தந்தை முன்னர் தான் குடியிருந்த வீட்டின் கடப்படியிலேயே அந்நியனாக நிற்க, சூழ உள்ளோர் அனைவரும் தாயின் உறவினராக இருக்கும்போது, எவரும் வெறுப்பைப் போதிக்காமலேயே பிள்ளை விலகிப்போக இடமுண்டு. இவ்விலகலைத் தாயின் சூழ்ச்சியாகக் கொள்வது அவளுக்கு அநீதி. இயல்பென விட்டுவிடுவது பிள்ளைக்கு இழப்பு. ஆகவே விலகலுக்குக் காரணம் வன்முறையா, போதனையா, குடியிருப்பு முறையா என நீதிமன்றம் முதலில் பிரித்தறிய வேண்டும். அச்சத்திற்குக் காரணமில்லாதபோது, தாயின் வளவுக்கு வெளியே, தந்தையின் தாய் வீட்டில் பிள்ளை ஒழுங்காகத் தங்கிவர வழிசெய்யும் கட்டளையே பயன்தரும். தாய்வழிக் குடியிலும் தந்தையின் குடிக்கு மதிப்புண்டு என்பதால், இவ்வேற்பாடு வழமைக்குப் புறம்பானதன்று. ஊர் ஏற்கக்கூடிய தீர்வும் அதுவே.