பழவேற்காடு: கைலியில் வாழும் பெயர்

நம் இல்லங்களில் கட்டம் போட்ட கைலியைப் 'பழையகாட்' என்று சொல்வது நெடுநாள் வழக்கு. மலாய் மக்களும் அதனைப் 'பெலிக்காட்' என்றே அழைக்கின்றனர். சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் சூழ்ந்த பழவேற்காட்டின் பெயரே அது என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

அவ்வூருக்குச் செல்வோர் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டத்தைக் காண்கின்றனர்; வாயிலிற் செதுக்கிய எலும்புருவங்களை வியக்கின்றனர்; ஊரையே ஒல்லாந்தர்தாம் உண்டாக்கினர் என்றெண்ணித் திரும்புகின்றனர். இவ்வெண்ணம் தவறு. ஒல்லாந்தர் அங்குக் கால் வைத்தது 1610இல்; ஜெல்டிரியா கோட்டை எழுந்தது 1613இல். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்னரே, போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா, முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் அங்கே செழித்திருந்ததையும், வண்ணப் பருத்தித் துணிகள் மலாக்கா, பெகு, சுமத்திரா ஆகிய இடங்களுக்குச் சென்றதையும் எழுதியுள்ளார்.

ஒல்லாந்தர் நாடி வந்தது கிராம்பும் சாதிக்காயுமே. ஆனால் அவை விளைந்த தீவுகளின் மக்கள் விரும்பிக் கேட்டதோ சோழமண்டலக் கரையின் துணி. துணியின்றிச் சரக்கில்லை! நம் முன்னோர் அறிந்திருந்த இந்தச் சூட்சுமத்தையே ஒல்லாந்தரும் கற்றுக்கொண்டு, பீரங்கியின் துணையோடு கைக்கொண்டனர். சுற்றுப்புறச் சிற்றூர்களின் நெசவாளர்க்குத் தரகர் வழியே முன்பணம் சென்றது. பஞ்சக் காலங்களில் இக்கரையில் அடிமைகளாக விலைபோன மனிதரும் கப்பலேற்றப்பட்டுப் பத்தேவியா சென்றனர். கோட்டையின் பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுதல் நீதியாகும்.

1690இல் ஒல்லாந்தர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1781இல் அந்நகரை ஆங்கிலேயரிடம் இழந்து மீண்டும் பழவேற்காட்டுக்கே வந்தனர். 1825இல் இதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குள் சென்னைத் துறைமுகம் வாணிகத்தை விழுங்கிவிட்டிருந்தது.

ஒல்லாந்தர் வரலாறு மட்டும் விரிவாக எழுதப்பட்டதேன்? அவர்தம் கும்பினிக் கணக்கேடுகள் இன்றளவும் ஹேக் நகரில் பேணப்படுகின்றன. நம்மவர் கணக்கேடுகளைக் கறையான் தின்றதோ, கடைக்காரர் பொட்டலம் மடித்தனரோ! பழைய பெட்டிகளில் அறபுத்தமிழ் ஏடோ, கப்பற் கணக்கோ, கிரயப் பத்திரமோ வைத்திருக்கும் குடும்பத்தார், படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவற்றை எறிந்துவிட வேண்டாமென வேண்டுகிறோம். படிக்கத் தெரிந்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

இன்று அவ்வூரார் மீனையும் இறாலையும் நம்பி வாழ்கின்றனர். நம் பெண்மக்கள் பனையோலையில் அழகிய பெட்டிகள் முடைகின்றனர். பள்ளிவாசலில் தொழுது வெளிவரும் முதியவர் இடையில் அதே கட்டக் கைலி; நெய்த தறி மட்டும் வேற்றூரில்.