கார் கூரையில் ஒரு பாய்மரப் படகு

படகை வாங்கினால் மட்டும் போதாது. கட்டிவைக்கத் துறையில் இடம் வேண்டும், அதற்கு வாடகை வேண்டும். கடலுக்குத் தொலைவில், சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இது எட்டாக்கனி. இந்தக் கணக்கை மாற்றியது கார். படகை வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்றானதும் வீட்டு வாசலே துறைமுகமாயிற்று.

இங்கிலாந்தில் இதற்கு 'மிரர் டிங்கி' என்ற சிறு பாய்மரப் படகைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1963-ல் 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவோடு வந்தது. அதனால்தான் அந்தப் பெயர், அந்தச் சிவப்புப் பாய். தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைச் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னலும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. அன்றைய விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். வீட்டுக்கு வருவது படகு அல்ல, வெட்டிய ப்ளைவுட் துண்டுகள். ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் பூசி ஒட்ட வேண்டும்.

நீளம் 3.3 மீட்டர். அன்றைய மினி கார் 3.05 மீட்டர்தான்! ஆனால் படகுக் கூட்டின் எடை சுமார் 45 கிலோதான். இரண்டு பேர் தூக்கிக் கார் கூரையில் கவிழ்த்துக் கட்டிவிடலாம். பாய்மரம் ஒரே நெடுங்கழியாக இருந்தால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்குமே? அதற்காகக் குட்டையான மரம், அதன்மேல் ஏறி நிற்கும் இன்னொரு கழி என்று பிரித்தார்கள். கழற்றினால் எல்லாம் படகுக்குள் அடங்கிவிடும். காற்றையும் அலையையும் போலவே ரோட்டையும் யோசித்து வரைந்த படகு இது. அந்த யோசனைக்கே என் முதல் மரியாதை.

கூரையில் ஏற்ற முடியாதவர்கள் டிரெய்லரில் இழுத்தார்கள். அங்கே வேறு சிக்கல். நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெடும், பேரிங் துருப்பிடிக்கும். பிறகு ஒருநாள் நடுரோட்டில் சக்கரம் இறுகிவிடும். இதற்குக் கண்ட வழி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வண்டிகள். ரோட்டில் ஓடுவது கரையிலேயே நிற்கும். அதன்மேல் ஏறிவந்த இலகுவான தள்ளுவண்டி மட்டும் படகோடு நீரில் இறங்கும்.

மிரர் டிங்கிகள் 70,000-க்கும் மேல் கட்டப்பட்டன. பாய்மர வரலாற்றை எழுதுகிறவர்கள் வடிவமைத்தவர்களின் பெயர்களோடு, காரின் கூரைக் கம்பியையும் டிரெய்லர் கொக்கியையும் சேர்த்தே எழுத வேண்டும்.