ஒரு கொப்புளத்தின் வரலாறு

‘செருப்புக் கடித்துவிட்டது’ என்று நாம் சொல்லுகிறோம். பல்லில்லாத பொருள் எவ்வாறு கடிக்கும் என்று எவரும் கேட்பதில்லை. புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மைல் தூரம் நடந்து பார்த்தவர்கள் அச்சொல்லின் பொருத்தத்தை நன்கறிவார்கள். கடும் உழைப்பால் தோலுக்கும் சதைக்கும் இடையே நீர் கோத்து எழுவதை அரபு அகராதிகள் ‘மஜ்ல்’ என்னும் சொல்லால் குறிக்கும். பெரும்பாலும் அது உழைப்பாளியின் கைக்குரிய சொல். ஆனால் விளையாட்டுத் திடலில் ஒரு சிறுவனின் கால்விரலில் எழுந்த கொப்புளம் ஒரு வல்லரசையே துயரில் ஆழ்த்திய வரலாறும் உண்டு.

முதலில் கொப்புளம் உண்டாகும் விதத்தை அறிந்துகொள்வோம். காலுக்குப் பழகாத காலணி விறைப்பாக இருக்கும். நடக்குந்தோறும் அது தோலை ஒருபுறம் பற்றி இழுக்கிறது. உள்ளிருக்கும் எலும்போ மறுபுறம் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட மேல்தோலின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிரிந்த இடத்தில் தெளிந்த நீர் ஊறி நிறைகிறது. வியர்வையால் கால் ஈரமானால் உராய்வு மிகும். நல்ல காலுறை அவ்வுராய்வில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்ளும். கொப்புளத்தின் மேல்தோல் கிழியாதிருக்கும் வரையில் அது இயற்கையே இட்ட கட்டு. கிழிந்துவிட்டால் நோய்க் கிருமிகளுக்கு வாயில் திறந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

1923ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங் திடீரென மறையவே, துணை அதிபராயிருந்த கால்வின் கூலிட்ஜ் அப்பதவியை ஏற்றார். அவருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவர் ஜான். இளையவனுக்குத் தந்தையின் பெயரே பெயர். அக்கோடையில் இளைய கால்வின் மசாசூசெட்ஸ் மாநிலத்துப் புகையிலை வயலொன்றில் கூலி வேலை செய்துகொண்டிருந்தான். தந்தை நாட்டின் அதிபரான பிறகும் அவன் வேலையை விடவில்லையாம். அவ்வளவு எளிமையில் வளர்க்கப்பட்ட பிள்ளை அவன்.

அடுத்த ஆண்டு, 1924 ஜூன் 30ஆம் நாள், வெள்ளை மாளிகைத் திடலில் அண்ணனும் தம்பியும் டென்னிஸ் ஆடினார்கள். இளையவன் காலுறை இல்லாமலே காலணி அணிந்திருந்தான். வலக்கால் விரலொன்றில் கொப்புளம் எழுந்தது. பதினாறு வயதுப் பிள்ளை அதைப் பொருட்படுத்துவானா? ஆனால் இரண்டொரு நாளில் காய்ச்சல் கண்டு படுக்கையில் வீழ்ந்தான். ‘ஸ்டஃபைலோகாக்கஸ்’ என்னும் கிருமி விரற்புண் வழியே புகுந்து குருதியில் கலந்துவிட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் விடுதலைத் திருநாள். கூலிட்ஜின் பிறந்த நாளும் அதுவே. நாடு கொண்டாடிக்கொண்டிருக்க, தந்தை கலங்கி நின்றார். மாளிகைத் தோட்டத்தில் ஒரு முயலைப் பிடித்து வந்து, மகன் மகிழட்டும் என்று அவனிடம் காட்டினாராம். மறுநாள் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனைக்கு அவனைக் கொண்டுசென்றனர். பெயர்பெற்ற மருத்துவர்கள் கூடினர். ஜூலை 7ஆம் நாள் இரவு அவன் உயிர் பிரிந்தது. கொப்புளம் எழுந்து ஒரு வாரமே ஆகியிருந்தது.

அச்சமயம் எதிர்க்கட்சியின் மாநாடு நியூயார்க்கில் நாட்கணக்கில் நீண்டு, கடும் பூசலில் சிக்கியிருந்தது. செய்தி எட்டியதும் பூசல் ஓய்ந்து அவை ஒத்திவைக்கப்பட்டது. தாம் அதிபராகாதிருந்தால் அம்மகனுக்கு அக்கொப்புளம் வந்தேயிராது என்று 1929இல் வெளியான தம் சுயசரிதையில் கூலிட்ஜ் மனம் வெதும்பி எழுதினார்.

படையும் பொருளும் பேரறிஞர்களும் அருகிருந்தும் ஏன் காக்க முடியவில்லை? குருதியில் பரவிய கிருமியை அழிக்கவல்ல நம்பகமான மருந்து அன்று உலகில் எங்குமே இல்லை. ஏழைப் பிள்ளைக்கு இல்லாதது அதிபர் பிள்ளைக்கும் இல்லை.

நான்காண்டு கழிந்து, 1928இல், இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் ஆய்வுத் தட்டொன்றில் பூசணம் படிந்திருக்கக் கண்டார். அதைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்திருந்தன. அக்கிருமி எது தெரியுமா? கால்வினைக் கொன்ற அதே ஸ்டஃபைலோகாக்கஸ் இனம்! ஆயினும் அப்பூசணச் சாறு மருந்தாக மேலும் பல்லாண்டுகள் ஆயின.

இதற்கிடையே 1935இல் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் டோமாக், ‘புரொன்டோசில்’ என்னும் செஞ்சாயப் பொருள் வேறோர் இனக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸை அடக்குவதை வெளியிட்டார். ஊசி குத்திக் கை சீழ்ப்பிடித்த தம் மகளையே அம்மருந்தால் அவர் காப்பாற்றினார். 1936 இறுதியில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மகன் தொண்டை நோய் முற்றி அபாய நிலையில் கிடந்தபோது, அவனும் அம்மருந்தால் பிழைத்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிபர் மகனை இழந்தார். இவர் மகனைத் திரும்பப் பெற்றார்.

1941இல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் கொடுக்கப்பட்டது. சாகக் கிடந்தவர் தேறினார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. நோய் திரும்பி, அவர் இறந்தார். ஒரு துளி மருந்தின் அருமையை அம்மரணம் உலகுக்கு உணர்த்தியது.

இன்றோ அவ்வருமையை நாம் மறந்து வருகிறோம். குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே ஃபிளெமிங் எச்சரித்தார். அவ்வாறே ஆயிற்று. ஸ்டஃபைலோகாக்கஸின் பெரும்பாலான வகைகள் இன்று பழைய பெனிசிலினுக்கு அடங்குவதில்லை. மருத்துவரைக் கேளாமல் மாத்திரை விழுங்குவதும், அவர் சொன்ன நாள்வரை உண்ணாமல் நடுவில் நிறுத்துவதும் நம் பிள்ளைகளின் அரணை நாமே இடிப்பதாகும்.

பள்ளி திறக்கும் நாட்களில் புதுக் காலணியுடன் நொண்டி வரும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். புதுக் காலணியை முதலில் வீட்டிலேயே சிறிது நேரம் அணிவித்துப் பழக்குங்கள். காலுறையைத் தவிர்க்க விடாதீர்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாமல், தூய்மையாகக் கழுவி மூடி வையுங்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவுடைய பெரியவர்கள் நாள்தோறும் தம் பாதங்களைப் பார்த்துக்கொள்வது கடமை.

பிள்ளை நொண்டிக்கொண்டு வீடு திரும்பினால், ‘செருப்புக் கடிதானே’ என்று விட்டுவிட வேண்டாம். ஒருமுறை குனிந்து அவன் காலைப் பாருங்கள்.