ப்ரியாவுக்கு ரெண்டு ஸ்பீக்கர் வேணும்

இன்னைக்குக் கதை 1978-ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம் ‘ப்ரியா’ வந்துச்சு. சுஜாதா நாவல், எஸ்.பி. முத்துராமன் இயக்கம், சிங்கப்பூர்ல ரஜினி. எனக்கு முக்கியம் இளையராஜாவோட பாட்டுப் பதிவு. தமிழ்ல ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள்னு இதைத்தான் சொல்றாங்க. மோனோவில் எல்லா வாத்தியமும் ஒரே புள்ளியிலிருந்து வரும். ஸ்டீரியோவில் இடம், வலம், நடுன்னு ஒரு மேடையே கண் முன்னால விரியும்.

சரி, அதைக் கேட்க வீட்ல என்ன இருந்துச்சு? பெரும்பாலும் ஒரு மோனோ ரேடியோ. இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு, வரி. நல்ல செட்டுன்னா வளைகுடாவிலிருந்து வர்ற மாமா கொண்டு வரணும், இல்லன்னா பாரிமுனை பர்மா பஜார்ல பேரம் பேசணும். மத்தவங்களுக்கு ரெக்கார்டிங் சென்டர். துண்டுச்சீட்டுல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தா, எல்பி-யிலிருந்து கேசட்டுல ஏத்தித் தருவாங்க. சட்டப்படி அது திருட்டுதான். ஆனா ஊருக்கே பாட்டு கேட்கக் கத்துக்கொடுத்தது அந்தக் கடைக்காரங்கதான்னு நான் சொல்லுவேன்.

எங்கப்பா செட்டும் பர்மா பஜார் சரக்கு. கேசட் வந்து, சிடி வந்து, கம்ப்யூட்டர் வந்ததும், 2001-ல அது மந்தைவெளி வீட்டுப் பரணுக்குப் போச்சு. ரிட்டயர் ஆனதும் அப்பா அதைக் கீழே இறக்கினார்.

சென்னைக் காத்து அதைச் சும்மா விடல. ஸ்பீக்கர் கூம்பைச் சுத்தி இருக்கிற ஃபோம் வளையம் தொட்டதும் பொடியாச்சு. டர்ன்டேபிள் பெல்ட் ஜவ்வு மாதிரி இழுத்துச்சு. பழைய ஆம்ப்ளிஃபயர் தேறல. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மூணு சனிக்கிழமை அலைஞ்சோம். புது ஆம்ப் ஒண்ணு வாங்கி மாட்டினா, பாட்டு கொசு ரீங்காரம் மாதிரி கேக்குது!

காரணம் அழகானது. பேஸை உள்ளபடியே செதுக்கினா தட்டுல வரிகள் அகலமாகி, நேரம் குறைஞ்சிடும். அதனால பதியும்போது பேஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்துவாங்க, கேக்கும்போது அதைத் தலைகீழாத் திருப்பணும். எவ்வளவுன்னு 1954-ல ஆர்ஐஏஏ வளைவு பொதுத் தரமாச்சு. ஊசியிலிருந்து வர்றதே சில மில்லிவோல்ட்தான். பழைய ஆம்ப்ல இந்த வேலையைச் செய்யற ஃபோனோ பகுதி உள்ளேயே இருந்துச்சு. புதுசுல இல்ல. தனியா ஒரு சின்னப் பெட்டி வாங்கினதும் சரியாச்சு. லட்ச ரூபாய் கேபிள் விக்கறவங்க இதையெல்லாம் சொல்ல மாட்டாங்க.

‘ப்ரியா’ தட்டைப் போட்டோம். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, “சிம்பல் சத்தம் எங்கடா போச்சு?”ன்னார்.

எனக்கு நல்லாவே கேட்டுச்சு.

ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் போட்டுப் பார்த்தோம். எனக்கு 16,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்குது. அவருக்கு 8,000-க்கு மேல எதுவுமே இல்ல. வயசானா உச்ச ஒலிகள்தான் முதல்ல போகும். எந்தக் கடையிலயும் அதுக்கு ஸ்பேர் கிடையாது. அவர் ஒண்ணும் சொல்லல, ட்ரெபிளைக் கடைசி வரைக்கும் திருப்பிட்டு உட்கார்ந்தார். இப்போ அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கறாங்க.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருந்தா, கரன்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி பெல்ட்டையும் ஃபோமையும் பாருங்க. அடுத்த எபிசோட், கேசட்.